ஹெல்கோலாண்ட் கொடி: பச்சை நிலம், சிவப்பு விளிம்பு, வெள்ளை மணல்

கேள்வி இது: "ஜெர்மனியில் சுமார் 1,300 பேர் மட்டும் வாழும் ஹெல்கோலாண்ட் தீவுக்குத் தனியாக ஒரு கொடியும் ஒரு சின்னமும் இருக்கின்றன. இவ்வளவு சின்ன ஊருக்கு அது எப்படி வந்தது? நிறங்களுக்கு என்ன பொருள்? இத்தாலிக் கொடியைப் பார்த்து எடுத்ததா? அதை நாம் சட்டையில் அச்சடித்துக்கொள்ளலாமா?"

இத்தாலி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஹெல்கோலாண்டின் கொடி அந்தத் தீவின் படம். கப்பலில் போகும்போது தூரத்திலிருந்து தீவைப் பார்த்தால் மேலிருந்து கீழே என்ன தெரிகிறதோ, அதே வரிசையில் மூன்று பட்டைகள்: பச்சை, சிவப்பு, வெள்ளை. இத்தனை நேராக ஊரையே வரைந்து வைத்த கொடி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

குக்ஸ்ஹாஃபென் துறைமுகத்திலிருந்து வடகடலுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் போனால் இந்தத் தீவு வரும். பெரும்பாலும் தட்டையான, மணலும் சேறுமான அந்தக் கடற்பகுதியில் திடீரென்று ஒரு சிவப்புப் பாறை எழுந்து நிற்கும். ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். இரும்புச் சத்தால் சிவந்த மணற்கல் அது. பக்கத்தில் போனால் அடுக்கடுக்காக இருப்பது தெரியும். சிவப்பு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய வெளிறிய கோடுகள், யாரோ அளவுகோல் வைத்து இழுத்தது போல ஓடும். பாறையின் தலை மேசை மாதிரி தட்டை. அங்கே முழுக்கப் புல். பாறைக்குக் கிழக்கே, சிறு கடல் இடைவெளிக்கு அப்பால், ட்யூன என்ற மணல் தீவு. சீல்கள் கூட்டமாகக் கிடக்கும் வெள்ளை மணல். பெரிய தீவு ஒரு சதுர கிலோமீட்டர். மணல் தீவு அதைவிடச் சிறியது. முன்பு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. 1720-இன் கடைசி நாளையும் 1721 புத்தாண்டையும் ஒட்டி வந்த புயல் வெள்ளம்தான் நடுவில் இருந்த நிலத்தை அறுத்துக்கொண்டு போனது.

ஆக, மேலே புல், நடுவில் பாறை, கீழே மணல். இதை அந்த ஊர்க்காரர்கள் ஒரு சிறு பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். வட ஜெர்மனியின் பேச்சுமொழியில் அது இப்படிப் போகும்:

"க்ரூன் இஸ் டாட் லாண்ட்,
ரோட் இஸ் டே காண்ட்,
விட் இஸ் டே சாண்ட்,
டாட் சுந்த் டே ஃபார்வன் வுன்ட் ஹெல்கோலாண்ட்."

பச்சை அந்த நிலம், சிவப்பு அதன் விளிம்பு, வெள்ளை அந்த மணல், இவை ஹெல்கோலாண்டின் நிறங்கள் என்று பொருள். லாண்ட், காண்ட், சாண்ட் என்று அடிதோறும் கடைசி ஓசை ஒத்து வருவதைக் கவனியுங்கள். நம் யாப்பில் இயைபு என்போமே, அதேதான். குழந்தைக்கு ஒருமுறை சொன்னால் போதும், கொடியின் வரிசை வாழ்நாளுக்கும் மாறாது. தீவின் சொந்த மொழி ஹலுண்டர். வட ஃபிரிசிய மொழியின் ஒரு வகை. அந்த மொழியிலும் இந்தப் பாட்டு உண்டு.

இனி சின்னம். ஜெர்மானியர்கள் 'வாப்பன்' என்பார்கள். நாம் கேடயச் சின்னம் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அது எப்போதும் ஒரு கேடயத்தின் மேல்தான் வரையப்படும். ஹெல்கோலாண்டின் கேடயத்தில் சிங்கம் இல்லை, கழுகு இல்லை, சாவி இல்லை, கோபுரம் இல்லை. கேடயத்தை இரண்டு இடத்தில் குறுக்காகப் பிரித்து, மேலிருந்து பச்சை, சிவப்பு, வெள்ளி. அவ்வளவுதான்.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேடயச் சின்னக் கலையில் வெள்ளை என்ற நிறம் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. பொன், வெள்ளி என்று இரண்டு உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை என்று முக்கியமான நான்கு நிறங்கள். வரையும்போது பொன்னை மஞ்சளாகவும் வெள்ளியை வெள்ளையாகவும் தீட்டலாம். அதனால் சின்னத்தில் 'வெள்ளி' என்று எழுதியிருப்பதும் கொடியில் 'வெள்ளை' என்று இருப்பதும் ஒன்றுதான். சின்னத்தை முதலில் சொல்லால் வரையறுப்பதுதான் இந்தக் கலையின் வழக்கம். 'பச்சை, சிவப்பு, வெள்ளி எனக் குறுக்கே பிரிந்தது' என்ற வர்ணனைதான் மூலம். படம் அதைப் பின்பற்றுவது. கேடயத்தின் அடி கூராக இருக்கலாம், வட்டமாக இருக்கலாம். பச்சை கொஞ்சம் அடர்த்தியாகவோ வெளிறியோ இருக்கலாம். வர்ணனை மாறாதவரை அது அதே சின்னம்தான். இணையத்தில் ஒரே ஊரின் சின்னம் இரண்டு விதமாகத் தென்படுவதைப் பார்த்து எது உண்மை என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இந்தக் கலையில் எல்லாரும் முதலில் கற்கும் விதி ஒன்று இருக்கிறது. உலோகத்தின் மேல் உலோகத்தை வைக்காதே, நிறத்தின் மேல் நிறத்தை வைக்காதே. போர்க்களத்தில் தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காண வேண்டும் என்ற தேவையோடு ஒட்டி வளர்ந்த விதி அது. பொன்னில் கறுப்பு பளிச்சென்று தெரியும். நீலத்தின் மேல் பச்சை தெரியாது. ஹெல்கோலாண்டில் பச்சையும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுமே நிறம். அப்படியானால் விதிமீறலா? கேடயத்தின் பரப்பின் மேல் ஓர் உருவத்தை வைக்கும்போதுதான் விதி கறாராகப் பார்க்கப்படும். பரப்பையே பட்டைகளாகப் பிரிக்கும்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் விதியின் பின்னால் உள்ள அனுபவம் சரியானது. அந்தி மங்கும் நேரத்தில் இந்தக் கொடியைப் பார்த்தால் மேலிரண்டு பட்டைகளும் ஒன்றாகக் கறுத்துப்போய், கீழே வெள்ளை மட்டும் தனியாக நிற்கும். புதிதாக யாராவது ஒரு சின்னம் வடிவமைத்துக்கொண்டு போயிருந்தால், நிபுணர்கள் நிறத்தை மாற்றச் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தீவு அந்த நிறத்தில் இருக்கிறதே, என்ன செய்ய? இந்த இடத்தில் நான் விதியின் பக்கம் இல்லை, தீவின் பக்கம்.

சின்ன ஊருக்கு எதற்கு இதெல்லாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனியில் இப்போது பத்தாயிரத்துக்கும் அதிகமான ஊராட்சிகள் இருக்கின்றன. 'கெமைண்டே' என்பது அவர்கள் சொல். பெருநகரமும் அதில் சேரும், சில நூறு பேர் வாழும் கிராமமும் அதில் சேரும். இவற்றில் மிகப் பெரும்பான்மைக்குச் சொந்தச் சின்னம் உண்டு. பழைய நகரங்களின் சின்னங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய மெழுகு முத்திரைகளிலிருந்து வந்தவை. கிராமங்களுக்கு அப்படி முத்திரை இருந்தது குறைவு. அவற்றின் சின்னங்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் உருவானவை. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் மேற்கு ஜெர்மனியில் ஊராட்சிகளை இணைத்தார்கள். சுமார் 24,000 ஆக இருந்தவை 8,500 அளவுக்குக் குறைந்தன. இணைந்த ஊர்களுக்குப் புதுச் சின்னம் தேவைப்பட்டது. பழைய நான்கு ஊரின் அடையாளத்தையும் ஒரே கேடயத்தில் திணித்து, எதுவும் தெளிவாகத் தெரியாமல் போனவையும் உண்டு.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். ஊராட்சி மன்றம் தீர்மானிக்கும், சின்னக் கலை தெரிந்த ஓவியர் வரைவார், அரசு ஆவணக் காப்பகத்தின் கருத்தைக் கேட்பார்கள். பவேரியாவில் காப்பகத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஊராட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஹெல்கோலாண்ட் சேர்ந்திருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில், உள்ளாட்சிச் சின்னங்களின் பதிவேடு ஷ்லெஸ்விக் நகரத்து மாநில ஆவணக் காப்பகத்தில் பராமரிக்கப்படுகிறது. கொடியின் நிறம் வழக்கமாகச் சின்னத்தின் நிறங்களிலிருந்தே எடுக்கப்படும்.

இந்தச் சின்னங்களைப் படிக்கப் பழகினால் ஒரு சுவையான விஷயம் பிடிபடும். கேடயத்தைப் பார்த்தே அந்த ஊர் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது என்று பல நேரம் சொல்லிவிடலாம். சிவப்பில் வெள்ளிச் சக்கரம் இருந்தால் மைன்ஸ் பேராயரின் ஊர். கறுப்பில் பொன் சிங்கம் என்றால் பலாட்டினேட் கோமகன்கள். பொன் பரப்பில் கறுத்த மான்கொம்பு என்றால் வூர்ட்டம்பெர்க். வெள்ளியும் நீலமுமான சாய்சதுரம் என்றால் பவேரியாவின் விட்டல்ஸ்பாக் வம்சம். அந்தச் சாய்சதுரமே 1242-இல் வாரிசின்றி முடிந்த போகன் பிரபுக்களிடமிருந்து அவர்களுக்கு வந்தது. ஹோல்ஷ்டைன் பக்கம் போனால் விளிம்பு பல்பல்லாக ஒரு வெள்ளை வடிவம் ஊருக்கு ஊர் தட்டுப்படும். அது செந்தட்டி இலை, அந்த நாட்டுப் பிரபுக்களின் குறி. ஊருக்கென்று ஏரோ, ஆலைச் சக்கரமோ, தேவாலயமோ ஒரு பாதியில் இருக்கும். மறு பாதியில் பழைய எசமான் இருப்பார்.

ஹெல்கோலாண்டின் கேடயத்தில் எசமான் யாருமே இல்லை. இவ்வளவுக்கும் அந்தத் தீவு கைமாறியது போல மாறிய இடங்கள் குறைவு. ஷ்லெஸ்விக்கின் கொட்டோர்ஃப் கோமகன்களிடம் இருந்தது. 1714-இல் டென்மார்க் பிடித்தது. 1807-இல், நெப்போலியன் போர்க்காலத்தில், பிரிட்டன் பிடித்தது. 1890-இல் ஜெர்மன் பேரரசுக்குப் போனது. 1945-இல் மறுபடியும் பிரிட்டன். 1952-இல் மறுபடியும் ஜெர்மனி. டென்மார்க்கின் சிங்கமோ, ஜெர்மன் பேரரசில் முதன்மையாக இருந்த பிரஷ்ய நாட்டின் கழுகோ, செந்தட்டி இலையோ, எதுவும் அந்தக் கேடயத்தில் தங்கவில்லை. புல்லும் பாறையும் மணலும் மட்டும் தங்கின. எனக்கு இந்தச் சின்னத்தின் மேல் இத்தனை பிடிப்பு இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிரிட்டிஷ் காலத்தில் ஒரு சேர்க்கை நடந்தது. அதே மூன்று பட்டைகள், கொடிக்கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக். ஆட்சி போனதும் மூலை போனது, பட்டைகள் நின்றன. அந்தக் காலத்தின் இன்னொரு தடயம் தபால்தலை. 1867-இல் இருந்து 1890 வரை ஹெல்கோலாண்டுக்குத் தனித் தபால்தலை உண்டு. அச்சடித்தது பெர்லினில், பிரஷ்ய அரசு அச்சகத்தில். தபால்தலையில் இருப்பவர் விக்டோரியா ராணி. சேகரிப்பாளர்களுக்கு அது ஒரு சின்ன அதிசயம். என்னிடம் ஒன்று இருக்கிறது. விரல்நுனி அளவுதான். நடுவில் நீள்வட்டத்தில் ராணியின் முகம், மை இல்லாமல் தாளிலிருந்து புடைத்து நிற்கும். முகத்தைச் சுற்றிய சட்டம் பச்சையிலும் சிவப்பிலும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் மூக்கும் கொண்டையும் நிழலோடு எழும். முகத்தின் வெள்ளைக்குத் தாளின் வெள்ளையே போதும். ஆக, பச்சை, சிவப்பு, வெள்ளை மூன்றும் அந்தக் குட்டித் தாளில் வந்துவிட்டன! பின்னால் வந்த சில தலைகளில் முகத்துக்குப் பதில் கேடயச் சின்னமே இருக்கும். 1875-க்குப் பிறகு ஒரே தலையில் ஆங்கில நாணய மதிப்பும் ஜெர்மன் ஃபெனிக் மதிப்பும் சேர்ந்தே அச்சாகும். யாராவது வாங்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: பழைய அச்சுப் பலகைகளை வைத்துச் சேகரிப்பாளர்களுக்கென்றே ஏராளமாக மறுபதிப்பு போட்டார்கள். அசலைவிட மறுபதிப்பு பல மடங்கு. என்னிடம் இருப்பதும் மறுபதிப்புதான்.

1890 ஜூலை 1 அன்று பிரிட்டனும் ஜெர்மனியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் உள்ளிட்ட இடங்கள் மீதான விவகாரத்தோடு சேர்த்து இந்தத் தீவும் பேசி முடிக்கப்பட்டது. ஆகஸ்டில் கொடி இறங்கி வேறு கொடி ஏறியது. அப்போது ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஜெர்மனி அதைக் கடற்படைக் கோட்டையாக மாற்றியது. முதல் உலகப் போர் தொடங்கியதும் மக்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்ததும் திரும்பினார்கள். இடையில் 1925 கோடையில், வைக்கோல் காய்ச்சலுக்குப் பயந்து மகரந்தம் குறைந்த இடம் தேடி வந்த இளம் இயற்பியலாளர் ஹைசன்பர்க், இந்தப் பாறையில் இருந்துகொண்டுதான் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைக் கணக்குக்கு வந்து சேர்ந்தார். இயற்பியல் படித்தவர்களுக்குத் தீவின் பெயர் பழக்கமாவது அப்படி.

அப்புறம் 1945 ஏப்ரல் 18. ஏறக்குறைய ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து தீவைக் குண்டுகளால் உழுதன. ஊர்மக்களில் பெரும்பாலானோர் பாறைக்குள் குடைந்த பதுங்குகுழிகளில் இருந்ததால் பிழைத்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது வீடு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவர்களை நிலப்பகுதிக்குக் கொண்டுபோய் எங்கெங்கோ பல ஊர்களில் குடியமர்த்தினார்கள். தீவு யாரும் போகக் கூடாத இடமானது. 1947 ஏப்ரல் 18 அன்று, சரியாக இரண்டு வருடம் கழித்து, எஞ்சியிருந்த ராணுவச் சுரங்கங்களை அழிக்க சுமார் 6,700 டன் வெடிபொருளைப் பிரிட்டிஷார் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். பாறையின் தெற்கு முனை சரிந்தது. கீழூர், மேலூர் என்று இரண்டு தளமாக இருந்த தீவில் அந்தச் சரிவால் மூன்றாவதாக ஒரு நடுத்தளம் உண்டாகிவிட்டது. இன்றைக்கும் அதை 'மிட்டல்லாண்ட்' என்றே அழைக்கிறார்கள். அதன் பிறகும் பிரிட்டிஷ் விமானப்படை அந்தப் பாறையைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது.

ஊரே இல்லாத ஊர்க்காரர்களாக அவர்கள் ஏழு வருடம் வாழ்ந்தார்கள். திரும்பப் போக விடுங்கள் என்று மனு மேல் மனு. 1950 டிசம்பர் 20 அன்று ரெனே லாய்டஸ்டோர்ஃப், கேயோர்க் ஃபொன் ஹாட்ஸ்ஃபெல்ட் என்ற இரண்டு ஹைடல்பெர்க் மாணவர்கள், தடையை மீறிப் படகில் போய் இறங்கினார்கள். குளிர்காலம், இடிபாடு, வெடிக்காத குண்டுகள். உருப்படியாக நின்றுகொண்டிருந்த ஒரே கட்டடம், போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் படைக்குக் கட்டிய ஒரு கோபுரம். அவர்கள் அங்கே ஏற்றிய கொடிகளில் ஜெர்மன் கொடி இருந்தது, ஐரோப்பிய இயக்கத்தின் கொடி இருந்தது, தீவின் பச்சை சிவப்பு வெள்ளையும் இருந்தது. இருவருமே தீவில் பிறந்தவர்கள் கிடையாது. ஆனாலும் அந்த மூன்றாவது கொடியை மறக்காமல் கொண்டுபோனார்களே, அது சாதாரண விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கொடி இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் ஏற்றியிருந்தால், அது வெறும் அரசியல் கோரிக்கையாக நின்றிருக்கும். இது ஒரு ஊர், இதற்கு மக்கள் இருக்கிறார்கள் என்று சொன்னது மூன்றாவது கொடிதான். மேலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஜனவரி தொடக்கத்தில் எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது.

1952 மார்ச் 1 அன்று தீவு திருப்பித் தரப்பட்டது. இன்றைக்கும் மார்ச் 1 அங்கே ஊர்த் திருநாள். அந்தக் கோபுரத்தை இடிக்கவில்லை. அதுதான் இப்போதைய கலங்கரை விளக்கம்.

சரி, சட்டையில் அச்சடிப்பது. ஜெர்மனியில் ஊராட்சியின் சின்னம் அலுவல்சார்ந்த ஆக்கம் என்பதால் பொதுவாக அதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஊரின் பெயரைப் பாதுகாக்கும் குடிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சின்னத்துக்கும் பொருந்தும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. கடிதத் தாளிலோ வியாபாரப் பொருளிலோ கேடயத்தைப் போட்டு, ஊராட்சியே செய்தது போன்ற எண்ணத்தை உண்டாக்கினால் ஊராட்சி தடுக்கலாம். விற்பனைக்கு என்றால் ஊராட்சிக்கு எழுதி அனுமதி கேட்டுவிடுவது நல்லது. மூன்று வண்ணப் பட்டைகளை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதற்கு யாரும் வரமாட்டார்கள்.

அச்சகத்தில் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். வெள்ளை நடுவில் போய்விட்டால் அது பச்சை, வெள்ளை, சிவப்பாகி, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் கொடியாகிவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: லாண்ட், காண்ட், சாண்ட்.